லாரி மேல் தப்பா, சைக்கிள் மேல் தப்பா?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் இப்போதே படியுங்கள், இல்லாதவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள். பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைக்கும் அதிகாரம் இப்போது என்னிடம் இல்லை.

மூன்று நாட்களாக நம் குழுவில் ஒரே சண்டை. கீழே நான்கு வழிச்சாலையில் சைக்கிளில் போன ஒரு பையன் லாரியில் அடிபட்டு இறந்துபோனான். யார், எந்த ஊர் என்று நான் எழுதப் போவதில்லை. அந்த வீட்டில் இன்னும் காரியம் முடியவில்லை. ஆனால் செய்தி வந்த ஐந்தாவது நிமிடமே நீங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டீர்கள். "லாரிக்காரனுக கண்ணு மண்ணு தெரியாம ஓட்டறானுக, நாலு பேரைத் தூக்குல போட்டாத்தான் அடங்குவானுக" என்று ஒரு கட்சி. "சைக்கிள்காரன் திரும்பிக்கூடப் பார்க்காம குறுக்க பூந்தா டிரைவர் என்ன பண்ணுவான், கேஸ் மட்டும் எப்பவும் பெரிய வண்டி மேலதான்" என்று எதிர்க்கட்சி. நடுவில் என் அக்கா மருமகன் "விதி முடிஞ்சுது" என்று எழுதி, கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு நழுவிவிட்டார்.

மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளக் கூடாது. எனக்கு இரண்டு கட்சிகளையும்விட உங்கள் பதில் மேல்தான் அதிகக் கோபம். விதி என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை பாருங்கள்.

நம் மாவட்டத்தில் இந்தச் சண்டை மற்ற ஊர்ச் சண்டை மாதிரி கிடையாது. நாமக்கல் என்றாலே லாரி. பாடி கட்டும் பட்டறை, கேஸ் டேங்கர், முட்டை லோடு, திருச்செங்கோட்டு ரிக் வண்டி. இதில் எதிலும் ஒரு ஆள்கூட இல்லாத குடும்பம் அபூர்வம். மலையில் பிறந்து என்னிடம் படித்தவர்களிலேயே எத்தனையோ பேர் ஸ்டியரிங் பிடித்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். அதே வகுப்பில் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்னும் சிலர் காரவள்ளிக்குக் கீழே இறங்கிப்போய், கோழிப்பண்ணைக்கும் பட்டறைக்கும் சைக்கிளில் போய் வருகிறார்கள். ஆகவே "லாரிக்காரன்", "சைக்கிள்காரன்" என்று நீங்கள் திட்டிக்கொள்ளும்போது எனக்கு வருகைப் பதிவேட்டில் அடுத்தடுத்து இருந்த பெயர்கள்தான் கண்ணில் தெரிகின்றன.

சரி, தப்பு யார் மேல்? சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். குடித்துவிட்டு ஓட்டுகிறவனும், செல்போன் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவனும் உள்ளே போகட்டும். அவனுக்காக நான் பேச வரவில்லை. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்கும் பையனுக்கும் நான் வக்கீல் கிடையாது. ஆனால் இந்தச் சாவுகளில் நிறைய இந்த இரண்டு வகையிலும் சேராதவை. சைக்கிள்காரனும் வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தான், டிரைவரும் வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தான், ஆனாலும் ஒரு உயிர் போய்விட்டது. அந்த வழக்கத்தை அமைத்தது யார் என்று கேட்க வேண்டும். நம் ஊர் எஃப்.ஐ.ஆரில் குற்றவாளி என்று எழுதும் இடத்தில் டிரைவர் பெயரைத் தாண்டிப் பேனா நகர்வதே இல்லை.

சில வருடங்களுக்கு முன் என் மாணவன் ஒருவன் இப்படி ஒரு கேஸில் மாட்டினான். ஜாமீனில் வந்த பிறகு போன் செய்தான். நாற்பது வயதைத் தாண்டிய ஆண்பிள்ளை, குழந்தை மாதிரி அழுதான். "சார், சத்தியமா நான் பார்க்கவே இல்ல சார். இடதுபக்கம் திரும்பினேன், சத்தம் கேட்டுத்தான் நிறுத்தினேன்." குழுவில் இதைச் சொன்னால் ஒரு கட்சி நம்பாது. நான் நம்புகிறேன். பாசத்தால் நம்பவில்லை, அறிவியல் பாடம் நடத்தியவன் என்பதால் நம்புகிறேன்.

நம் மலைப்பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, அதில் ஏதாவது ஒன்றின் ஓரமாக நின்று மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்றிய லாரி திரும்புவதைக் கவனியுங்கள். முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். வண்டி நீளமாக இருந்தால் இன்னும் அதிகமாக வெட்டும். கீழே சமவெளியிலும் இதேதான் நடக்கிறது. லாரி இடதுபக்கம் திரும்பும்போது, அதன் இடதுபுறம் ஒட்டிப் போகிற சைக்கிள்காரன் முன்பக்கம் தன்னைத் தாண்டிவிட்டது, இனி பயமில்லை என்று நினைப்பான். பின்சக்கரம் அவன் இருக்கும் இடத்துக்கே வரும். அதே நேரத்தில் மேலே கேபினில் இருக்கும் டிரைவருக்கு, இடது கதவை ஒட்டிக் கீழே இருக்கும் ஆள் தெரியவே மாட்டான். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு வலதுபக்க ஜன்னல் கைக்கெட்டும் தூரம், இடதுபக்கத் தரை ஒரு குருட்டு மூலை.

முன்பெல்லாம் அந்த மூலைக்கு ஒரு கண் இருந்தது. கிளீனர் பையன். இடதுபக்கக் கதவில் தொங்கிக்கொண்டு, தகரத்தைத் தட்டி "ரைட், ரைட், ஹோல்டேய்" என்று கத்துவானே, அவன்தான். டீசல் விலை, டோல், இன்சூரன்ஸ், மாதத் தவணை என்று எல்லாம் ஏறியபோது முதலில் வெட்டப்பட்டது அவன் படிக்காசு. இப்போது எத்தனை லாரியில் கிளீனர் இருக்கிறான் என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். ஆள் போன இடத்தில் கேமராவோ கூடுதல் கண்ணாடியோ வந்ததா? பெரும்பாலான வண்டிகளில் வரவில்லை. மிச்சம் பிடித்தது ஒருவர், ஜெயிலுக்குப் போவது இன்னொருவர்.

லாரியின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே பக்கவாட்டில் திறந்த இடம் இருக்கிறது. சைக்கிளோடு சரிந்து விழுகிறவன் அதற்குள்தான் போய்விடுகிறான். அதை அடைக்கப் பக்கவாட்டுத் தடுப்பு வைக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. இரண்டு கம்பிதான். எஃப்.சி. காட்டும் நாளில் இருக்கிற கம்பி மறுவாரம் எங்கே போகிறது? ஸ்டெப்னி வைக்கவும் பெட்டி மாட்டவும் இடைஞ்சல் என்று கழற்றிப் போட்டிருப்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பட்டறை வைத்திருக்கும் என் மாணவர்களே, இந்தக் கேள்வி நேரடியாக உங்களுக்குத்தான். "கஸ்டமர் கேக்கறார் சார்" என்று சொல்லாதீர்கள். கஸ்டமர் பிரேக் இல்லாமல் வண்டி கேட்டால் கொடுப்பீர்களா?

இங்கிலாந்தில் லண்டன் மாநகரத்தில் இதைப் பேச்சோடு விடவில்லை. 12 டன்னுக்கு மேற்பட்ட லாரியாக இருந்தால், கேபினிலிருந்து டிரைவருக்கு எவ்வளவு இடம் நேரடியாகத் தெரிகிறது என்று அளந்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். போதிய நட்சத்திரம் இல்லாவிட்டால் தடுப்பும் கேமராவும் எச்சரிக்கைக் கருவியும் பொருத்தினால்தான் ஊருக்குள் வரலாம். 2021 மார்ச்சிலிருந்து அபராதத்தோடு நடப்பில் இருக்கிறது, 2024 அக்டோபரில் இன்னும் கடுமையாக்கினார்கள். டிரைவர் யோக்கியனா என்று அவர்கள் ஆராயவில்லை. அவனுக்குத் தெரிகிறதா என்று பார்த்தார்கள்.

இனி சைக்கிள் பக்கம் வருகிறேன்.

"எதிர்த்திசையில வந்தான் சார்", "சென்டர் மீடியன் சந்துல பூந்தான் சார்" என்கிறீர்கள். வாஸ்தவம், வந்தான். ஏன் வந்தான்? சேலத்திலிருந்து கரூர் போகும் அந்த ரோடு அவன் தாத்தா காலத்தில் இரண்டு பக்கமும் புளியமரம் நின்ற சாலை. இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் காடு. காலையில் பால் கேனை மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் இருக்கும் சொசைட்டிக்குப் போய்விட்டு வருவார்கள். ரோடு நான்கு வழியானது. நடுவே தடுப்பு வந்தது. வீடும் காடும் சொசைட்டியும் நகரவில்லை. சட்டப்படி போக வேண்டுமானால் பாலம் இருக்கும் இடம் வரை கிலோமீட்டர் கணக்கில் மிதித்துப் போய், மறுபக்கம் அதே தூரம் திரும்பி வர வேண்டும். கார் வைத்திருப்பவனுக்கு இரண்டு நிமிடம். கேரியரில் நாற்பது லிட்டர் பாலோடு மிதிக்கிறவனுக்கு அது எவ்வளவு என்று குழுவில் தத்துவம் பேசியவர்கள் ஒருநாள் மிதித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கணக்குப் போடுவோம், பழக்கதோஷம். ஒரு பக்கத்து இரண்டு வழிப்பாதை ஏழு மீட்டர் அகலம். நின்ற இடத்திலிருந்து சைக்கிளைக் கிளப்பி அதைக் கடக்க ஐந்து வினாடியாவது ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். ஐந்து வினாடியில் 85 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் 110 மீட்டர். அதாவது ஒரு ஃபுட்பால் மைதானம் நீளத்துக்கு அப்பால் வரும் வண்டியின் வேகத்தை, விடியாத இருட்டில், வெறும் ஹெட்லைட்டை வைத்து அந்தப் பதினாறு வயதுப் பையன் கணிக்க வேண்டும். தினமும் இரண்டு முறை. ஒரே ஒருநாள் தப்பாகக் கணித்தால் "அவன் மேல்தான் தப்பு" என்கிறோம். எந்தத் தேர்விலாவது 700 கேள்விக்கும் சரியான விடை எழுதினால்தான் பாஸ் என்று வைப்போமா?

அந்தச் சைக்கிள் எங்கிருந்து வந்தது? அரசு கொடுத்தது. தமிழ்நாட்டில் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, 2005-06 முதல் அரசு, உதவி பெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் விலையில்லா சைக்கிள் கொடுத்தார்கள். அருமையான திட்டம். பத்தாவதோடு நின்றிருக்க வேண்டிய எத்தனையோ பெண் பிள்ளைகள் அந்தச் சைக்கிளால்தான் பிளஸ் டூ முடித்தார்கள். வரிசையாக நிறுத்தி, சாவி கொடுத்து, போட்டோ எடுத்த விழாக்களில் நானும் நின்றிருக்கிறேன். லட்சக்கணக்கில் சைக்கிள் கொடுத்த அரசு, அந்தச் சைக்கிள் போக இரண்டு மீட்டர் ஓரப்பாதை போட்டுக் கொடுத்ததா? ரோட்டின் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே சரளைக்கல், மண் மேடு, நிறுத்தி வைத்த டிப்பர், காயப்போட்ட சோளத்தட்டு. தார் முடியும் இடத்தில் அரை அடிப் பள்ளம். பையன் வெள்ளைக்கோட்டுக்கு உள்ளேதான் ஓட்டியாக வேண்டும். உள்ளே ஓட்டினால், "ரோட்டுக்கு நடுவுல வந்தான்."

(என் இளவயதில் சைக்கிளுக்கு டைனமோ லைட் இல்லை என்றால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார். டபுள்ஸ் போனாலும் அப்படித்தான். நாங்கள் சாபம் விடுவோம். இப்போது வரும் சைக்கிளில் லைட்டே கிடையாது, கேட்க ஆளும் கிடையாது.)

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாடு, 64,105. சாவில் உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்து நாம்தான், 17,884. இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், 19 பேர் நடந்து போனவர்கள். காரணம் என்ற கட்டத்தைப் பாருங்கள். பத்தில் ஏழு சாவுக்கு "அதிவேகம்" என்று எழுதியிருக்கும். ஸ்பாட்டுக்கு வரும் ஏட்டையா கையில் இருக்கும் படிவத்தில் அதுதான் சுலபமாக டிக் அடிக்கக் கூடிய இடம். மீடியனில் சந்து விட்டவர் யார், அந்த இடத்தில் எத்தனை வருடமாக விளக்கு எரியவில்லை, டிரைவர் எத்தனை மணி நேரம் தூங்காமல் ஓட்டி வந்தான் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் வேலை செய்ய வேண்டும்.

தூக்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2025 வரை நடப்பில் இருந்த 1961ஆம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்றது. லாரி ஓட்டும் என் தம்பிமார்களே, இதைப் படித்துச் சிரிக்காதீர்கள். சட்டம் இருந்தது. உங்கள் ஓனர் டிரிப்புக்கு இவ்வளவு என்று காசு பேசுகிறார், ஏற்றி அனுப்புகிற கம்பெனி இத்தனை மணிக்குள் இறக்க வேண்டும் என்று நேரம் பேசுகிறது. அந்த இரண்டு பேச்சும் நடந்த அறையில்தான் விபத்தின் பாதி முடிவாகிவிட்டது. 2018இல் மத்திய அரசு ஆக்ஸில் எடை வரம்பையும் உயர்த்தியது. 25 டன் வண்டி 28.5 டன் ஆனது. அதே ரோடு, அதே டிரைவர், மூன்றரை டன் கூடுதல்.

இப்போது தண்டனைக் கணக்கைப் பாருங்கள், இதுதான் எனக்கு ரத்தம் கொதிக்கும் இடம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 304-ஏ பிரிவுப்படி கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் அதிகபட்சம் இரண்டு ஆண்டு. 2024 ஜூலை முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 106ஆம் பிரிவு அதை ஐந்து ஆண்டாக்கியது. தகவல் சொல்லாமல் ஓடிவிட்டால் பத்து ஆண்டு என்றும் எழுதினார்கள். அதை எதிர்த்து 2024 ஜனவரி முதல் வாரத்தில் வடக்கே லாரிகள் நின்று, பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது நினைவிருக்கும். அதனால் அந்தப் பத்தாண்டுப் பகுதியை மட்டும் நடைமுறைக்குக் கொண்டுவராமல் நிறுத்தி வைத்தார்கள். டிரைவர் ஏன் ஓடுகிறான் என்பது சட்டம் எழுதியவர்களுக்கே தெரியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவில், கூட்டத்தின் ஆவேசத்தால் முடியாமல் போனாலொழிய அடிபட்டவருக்கு உதவ வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். கட்டி வைத்து அடிக்கும் நம் ஊர்ப் பழக்கம் சட்டப் புத்தகத்திலேயே ஏறிவிட்டது. "நாலு பேரைத் தூக்குல போடணும்" என்று எழுதிய தம்பிகள் இதைப் பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடிக்குப் பயந்து ஓடியவன் நின்றிருந்தால் பிழைத்திருக்கக் கூடியவர்களும் உண்டு.

அதே மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் 198-ஏ என்று ஒரு பிரிவு வந்தது. ரோட்டை வடிவமைத்தவர், போட்டவர், பராமரிக்கிறவர் தரத்தைக் கடைப்பிடிக்காமல் விட்டு அதனால் ஒருவர் இறந்தாலோ ஊனமானாலோ, அந்த அதிகாரிக்கும் கான்டிராக்டருக்கும் அபராதம். எவ்வளவு? அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய். ஜெயில் கிடையாது. டிரைவருக்கு ஐந்து வருடம், ரோடு போட்டவருக்கு ஒரு லட்சம். அந்த ஒரு லட்சத்தையாவது யாராவது கட்டினார்கள் என்று உங்கள் ஊர்ப்பக்கம் கேள்விப்பட்டிருந்தால் எழுதுங்கள், தெரிந்துகொள்கிறேன். சுங்கச்சாவடியில் ஒரு ரூபாய் பாக்கி இல்லாமல் வசூலிக்கத் தெரிந்தவர்கள், அந்தப் பணத்துக்கு ஈடாகக் கடக்கும் இடத்தில் ஒரு விளக்கு எரிய வைக்க வேண்டும் என்று கேட்டால் கோப்பு நகர்கிறது என்கிறார்கள்.

ஒவ்வொரு ஜனவரியும் சாலைப் பாதுகாப்பு மாதம் வரும். பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி உறுதிமொழி வாசிக்கச் சொல்வார்கள், ஓவியப்போட்டி நடத்துவார்கள், வண்ணக் காகிதத்தில் பேரணி போகும். நானும் இருபது முப்பது வருடம் வாசிக்க வைத்திருக்கிறேன். உறுதிமொழி எடுத்துக்கொண்ட நெடுஞ்சாலைப் பொறியாளரையோ லாரி ஓனரையோ நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பத்து வயதுக் குழந்தைதான் எப்போதும் உறுதி சொல்ல வேண்டியிருக்கிறது.

வேறு மாதிரி நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. ஹாலந்து இன்று சைக்கிள் நாடு என்கிறோம். 1971இல் அந்தச் சின்ன நாட்டின் சாலைகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள், நானூறுக்கும் மேல் குழந்தைகள். மறுவருடம் "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற பெயரிலேயே ஒரு இயக்கம் எழுந்தது. விபத்து என்ற சொல்லையே அவர்கள் ஏற்கவில்லை, கொலை என்றார்கள். தெருவில் உட்கார்ந்தார்கள். ரோட்டின் வடிவமே மாறியது. இன்று அங்கே பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை சைக்கிளில் வந்து மோட்டார் வண்டியில் அடிபட்டால், பிள்ளை மேல் தவறு இருந்தாலும் நஷ்ட ஈட்டுப் பொறுப்பு முழுவதும் வண்டிப் பக்கம்தான். குழந்தை என்றால் தவறு செய்யும், அதற்கு இடம் விட்டுத்தான் நாம் வண்டி ஓட்ட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

நம் பக்கத்திலும் ஒருவர் கேட்டார். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் டாக்டர் ராஜசேகரன். அடிபட்டு வருகிறவர்களுக்குச் சிகிச்சை செய்வதோடு நிற்காமல் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அதன் பலனாக 2014இல் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. 2017இல் மாநிலங்களுக்கு வரிசையாக உத்தரவுகள் போயின. ஒரு தனி டாக்டர் கேட்டதற்கு இவ்வளவு நடந்திருக்கிறது.

ஆகவே குழுவில் இனி இந்தச் சண்டை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். போடுங்கள், ஆனால் ஆளை மாற்றிப் போடுங்கள். சைக்கிளில் போன பையனின் அப்பா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "எம்பையன் மேலதான் தப்புன்னு எழுதிருவாங்களா சார்?" காசு எவ்வளவு வரும் என்று அவர் கேட்கவில்லை. அந்த டிரைவர் வீட்டிலும் ஒரு அப்பா இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு கொடுக்கப் போகிறேன். அந்த இடத்தில் விளக்கும் வேகத்தடுப்பும், சைக்கிளும் ஆட்களும் குனிந்தாவது போக ஒரு சுரங்கப்பாதையும் வேண்டும் என்பது முதல் கோரிக்கை. இந்தச் சாவில் 198-ஏ பிரிவையும் சேர்த்து விசாரிக்க வேண்டும் என்பது இரண்டாவது. எஃப்.சி. நாளில் மட்டுமில்லாமல் ரோட்டிலும் லாரிகளின் பக்கவாட்டுத் தடுப்பைச் சோதிக்க வேண்டும் என்பது மூன்றாவது. வக்கீலாக இருக்கும் என் மாணவி ஒருத்தி மனுவைச் சரிபார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

உங்களிடம் எனக்கு வேண்டியது இதுதான். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இப்படி ஆட்கள் உயிரைப் பணயம் வைத்துக் கடக்கும் இடம் எது என்று கீழே எழுதுங்கள். எந்த ஊர் பிரிவு, எந்தக் கிலோமீட்டர் கல், காலையில் எத்தனை மணிக்குக் கூட்டம், விளக்கு இருக்கிறதா இல்லையா. லாரி ஓட்டுகிறவர்கள் கட்டாயம் எழுத வேண்டும், எந்த இடத்தில் உங்களுக்கு வயிற்றைக் கலக்கும் என்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். போட்டோ இருந்தால் பகலில் எடுத்ததாகப் போடுங்கள், இறந்தவர் படம் யாரும் போடக் கூடாது. திங்கட்கிழமை செம்மேட்டிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்குகிறேன். கூட வருகிறவர்கள் ஞாயிறு சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளை, உங்களையும் சேர்த்துத்தான் சீட்டுப் பிடிக்கப் போகிறேன்.